இரண்டு ஆள் வேலை

செத்துப்போன எங்கள் ஊர் ஒயினுக்கு இலேனியா உயிர் கொடுத்தாளாம். மிலானிலிருந்து வந்த பத்திரிகைக்காரன் அப்படித்தான் எழுதியிருந்தான். பேக்கரி பல்மீரா அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துவிட்டாள். ரொட்டி வாங்கப் போகும்போதெல்லாம் நான் அதைப் படித்துத் தொலைக்க வேண்டியிருந்தது.

செத்துப்போச்சாம்! அப்படியென்றால் இத்தனை வருஷமாக நான் மேட்டுத் தோட்டத்தில் பிணத்துக்கா கவாத்து செய்துகொண்டிருந்தேன்? எங்கள் ஊர் ஆண்கள் எல்லோரும் ஏரிப் பக்கம் தண்ணீர்க் குழாய் செய்யும் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். திராட்சைக் குன்றுகளைக் காடு தின்றது. நானும் அப்படியொரு தொழிற்சாலையில் குழாய்களுக்கு மெருகு போட்டவள்தான். ஆனால் லீவு நாளெல்லாம் என் அப்பா விட்டுப்போன தோட்டத்திலேயே கிடந்தேன். என் ஒயின் லேபிள் ஒட்டிய பாட்டிலில் ஏறியதில்லை. பிரம்பு பின்னிய பெரிய கண்ணாடிக் குடுவைகளில் நிலவறையில் இருக்கும், ஊரில் தெரிந்த சில வீடுகளுக்குப் போகும். அதற்காக அது செத்ததாகிவிடுமா?

இந்த இலேனியா தூரினோ நகரத்தில் வளர்ந்தவள். ஒயின் படிப்பு படித்துவிட்டு, இரண்டு சிநேகிதர்களையும் மர அறுவை மெஷினையும் கூட்டிக்கொண்டு வந்தாள். எதிர்க் குன்றில் காட்டை வெட்டினாள். எங்கள் பழைய முறையிலேயே, ஒரு குழியில் நான்கு கொடிகளை வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு திசைக்கு இழுத்துவிட்டாள். கீழே பழைய பசுத் தொழுவத்தை ஒயின் ஆலையாக்கினாள். முதலில் என் தோட்டத்தைப் பார்க்கத்தான் வந்தாள்.

"சிஞ்ஞோரா தெல்ஃபினா, உள்ள வந்து பாக்கலாமா?"

"வேலை இருக்கு" என்று கேட்டைச் சாத்தினேன். சாத்தாமல் என்ன செய்வது? நேற்று வந்தவளுக்கு எல்லாவற்றையும் தட்டில் வைத்து நீட்டவா?

அவள் வேலைக்கு ஆள் தேடி நேராக பாருக்குப் போனாள். அங்கே சீட்டாடிக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர் ஃபெர்மோ. தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமானதிலிருந்து என் தோட்டத்துக்குள் கால் வைக்காத மனிதர். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போகக் காரில் வருவார், கேட்டுக்கு வெளியே நின்று சிகரெட் பிடிப்பார், அவ்வளவுதான். "வித்துத் தொலை, உருளைக்கிழங்கு மாதிரி ஒயினும் கடையில கிடைக்குது" என்பார். அந்த மனிதர் மறுநாள் காலையில் பூட்ஸைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இலேனியாவின் குன்றுக்குக் கிளம்பினார்.

அன்றிலிருந்து தினமும் அங்கேதான். கொடியைக் கயிறு போலச் சுற்றிக் கட்டுகிற வில்லோ மரத்து இளங்குச்சிகள் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருக்க வீட்டுக்கு வருவார். வாயில் ஏதோ பாட்டு. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எனக்குப் பாடம் வேறு.

"தெல்ஃபினா, ஈரமான நாள்ல வளைச்சா கொடி முறியாது, தெரியுமா?"

பொலெந்தாக் களி கிண்டிக்கொண்டிருந்த கரண்டியை அவர் தலையில் போட்டிருப்பேன். "அப்படியா? யார் கண்டுபிடிச்சா?"

"இலேனியாவும் அதைத்தான் சொன்னா. கெட்டிக்காரப் பொண்ணு."

எனக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லவில்லை, ராத்திரி பால் குடித்துத்தான் படுத்தேன்.

பல்மீரா எண்ணெய் ஊற்றாமல் இருப்பாளா? "உன் வீட்டுக்காரருக்கு பத்து வயசு குறைஞ்சுபோச்சே! தோட்டம் செஞ்ச வேலையா, தோட்டக்காரி செஞ்ச வேலையா?" என்றாள், ரொட்டியைச் சுற்றிக்கொண்டே.

"உன் புருஷனையும் அனுப்பு. அவருக்கு இருபது குறையணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்தேனே தவிர, கால் வீட்டுப் பக்கம் போகவில்லை. எதிர்க் குன்றுக்குப் போனது.

வெட்டாமல் விட்ட செஸ்ட்நட் மரங்களுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இந்த முறையில் ஒருவர் கொடியை வளைத்துப் பிடிக்க வேண்டும், எதிரே இன்னொருவர் கட்ட வேண்டும். இலேனியா மண்டியிட்டு வளைத்துப் பிடித்திருந்தாள். என் வீட்டுக்காரர் எதிரே குனிந்து கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு முகங்களுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம்.

"போதுமாம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம், ஃபெர்மோ. ஆங்... போதும்!"

காதல் கீதல் எதுவும் இல்லை, அது எனக்குத் தெரியும். அவள் அவருக்கு மகள் மாதிரி. காதலாக இருந்தாலாவது எப்படிச் சண்டை போடுவதென்று எனக்குத் தெரிந்திருக்கும். "போதுமா" என்று அவர் கேட்டாரே, அதுதான் என்னைச் சுட்டது. என்னிடம் எதற்கும் அவர் அப்படிக் கேட்டதில்லை. இத்தனை காலம் என் தோட்டத்தில் கொடியை முழங்காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, குச்சியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்தவள் நான். இந்தக் கைகள் அப்போது எங்கே போயிருந்தன?

அவர்கள் சாப்பிடப் போனதும் இறங்கிப் போய்க் கட்டுகளைப் பார்த்தேன். ஒரு குறை கண்டுபிடித்தால் போதும், அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

குறை இல்லை. அது என் முடிச்சு.

எங்கள் அப்பாவுக்கு இடது கைப் பழக்கம், எனக்கும் அப்படித்தான். குச்சியை இரண்டு முறுக்கு முறுக்கி, நுனியை இடப்பக்கமாக அடியில் செருகுவோம். ஊரில் எல்லோரும் வலப்பக்கம் செருகுவார்கள். இப்படிக் கட்ட இப்போது உயிரோடு இருப்பவள் நான் ஒருத்திதான். அந்தக் குன்று முழுக்க, வரிசை வரிசையாக, என் முடிச்சு இருந்தது. கேட்டுக்கு வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர் சும்மா நிற்கவில்லை.

வேறு பெண்ணாக இருந்தால் உருகியிருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தோட்டத்தில் பார்த்ததைக் கொண்டுபோய் இன்னொருத்தி தோட்டத்தில் கட்டியிருக்கிறார்!

அன்று சாயங்காலம் சூப்புத் தட்டை வைத்ததுமே கேட்டேன்.

"அந்த முடிச்சு யாருது?"

அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். "உன்னுது."

"அவகிட்ட யாருதுன்னு சொன்னே?"

"ஊர் வழக்கம்னு சொன்னேன்."

"ஏன்யா, என் பேரைச் சொன்னா வாய் வெந்துடுமா?"

"சொன்னா அவ உன்கிட்ட வந்துடுவா." தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "அப்புறம் என்னை யாரு கூப்பிடுவா?"

கோபம் நியாயம் கேட்டுக்கொண்டா நிற்கும்? "என் தோட்டத்துக்கு வந்திருக்கலாமே! நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"வந்தேனே. கல்யாணமான வருஷம். ஒரு கொடி முறிஞ்சுபோச்சு. உங்க அண்ணன்மார் முன்னாடி, 'நீ போய்க் குழாய் செய்'ன்னே. எல்லாரும் சிரிச்சீங்க."

"நான் அப்படிச் சொல்லவே இல்ல."

"சொன்னே."

சத்தியமாக எனக்கு நினைவில்லை. ஆனால் நான் சொல்லக்கூடிய வார்த்தைதான் அது. அண்ணன்மார் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்றுகூட எனக்குக் கேட்டது.

தட்டுகளைக் கழுவினேன். துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னேன்: "மேல் வரிசை இன்னும் கட்டலை. நாளைக்குக் கட்டணும். முழங்கால் வேற வலிக்குது."

இதற்கு மேல் ஒரு மனுஷி எப்படிக் கூப்பிடுவாள்? அவருக்கும் புரிந்தது. முகம் மாறிப்போயிற்று.

"நாளைக்கு இலேனியாவுக்கு வாக்கு குடுத்துட்டேனே, தெல்ஃபினா. மழைத் தூறல் இருக்காம். அதை விட்டா கொடி காய்ஞ்சு முறியும். அதுக்கப்புறம் உன்னோடதுக்கு வரேன்."

அப்புறம்! என் வாழ்க்கையில் முதல்முறையாகக் கூப்பிட்டேன், எனக்கு வரிசையில் இடம் கொடுக்கிறார்! விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். சொல்ல நினைத்ததையெல்லாம் தலையணைக்குச் சொன்னேன்.

காலையில் அவர் சொன்னது போலவே தூறல். அவர் சத்தம் போடாமல் கிளம்பினார். நானும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு, ஊறப்போட்டிருந்த வில்லோக் குச்சிக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். பல்மீரா கடை வாசலில் நின்று, "எங்கே இவ்வளவு வேகமா?" என்றாள். "உயிர் குடுக்க" என்றேன்.

இலேனியா நேற்றுப் போலவே கொடிக்கு எதிரே மண்டியிட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள் என்றே நினைக்கிறேன்.

"ஏ பொண்ணு, எந்திரி."

எழுந்தாள். "சிஞ்ஞோரா, உங்க தோட்டத்துல வேலை..."

"என் தோட்டம் எனக்குத் தெரியும். நகரு."

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"நில்லு. பாரு. இந்த முடிச்சு என் அப்பாவோடது, தெரிஞ்சுக்கோ. பத்திரிகைக்காரன் அடுத்த தடவை வந்தா அவன்கிட்டயும் சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் காது சிவந்திருந்தது. இவள் இனி என்னிடமே வந்துவிடுவாள் என்று பயப்படுகிறார் போலும். பயப்படட்டும். நானும் எத்தனை நாள் எரிந்தேன்!

ஈரத்தில் மண்டியிட்டேன். முழங்கால் வலித்தது, அது பொய்யில்லை. கொடியை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல மெல்ல வளைத்தேன். இரண்டு கையும் கொடிக்கே கிடைத்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

"போதுமா?" என்று கேட்டார், என்னிடம்.

"கட்டு."

குச்சியைச் சுற்றினார். இரண்டு முறுக்கு. வலக்கைக்காரர் இடப்பக்கம் செருக விரலை எப்படி மடக்குகிறார் என்று அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். அவர் கண் முடிச்சில் இல்லை. சரியா, சரியா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மழைத்துளி அவர் புருவத்தில் நின்றது.

முடிச்சு அச்சு அசலாக என் அப்பாவுடையது. ஒரு குறை சொல்ல முடியாது.

"கோணல்" என்றேன். "அவுத்துட்டு மறுபடி கட்டு."