கிடத்தும்போது போர்த்தும் துணி

"என் பெட்டியைத் திற, குவாமெனா. துணி வேணும் எனக்கு."

சோளக் கஞ்சியை வாயில் வைத்திருந்த தம்பி விழுங்க மறந்து அக்காவைப் பார்த்தான்.

நியார்கோவாவுக்கு எழுபது வயது. எல்மினா சந்தையில் நாற்பது வருஷம் மீனைப் புகைபோட்டு விற்றவள். அந்தப் புகையின் சிவப்பு இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. அவளுடைய கென்டே, பட்டைப் பட்டையாக நெய்து இணைத்த பட்டுத்துணி, பத்தொன்பது வருஷமாகத் தகரப் பெட்டியில் கிடக்கிறது. செத்தபின் பித்தளைக் கட்டிலில் கிடத்தி, ஊர் பார்க்க வரும்போது அவள்மேல் போர்த்துவதற்கு. உயிரோடிருப்பவள் அதைக் கேட்டால் சாவைக் கூவி அழைத்த மாதிரி. "அதைக் கேக்க வேண்டியவ நீ இல்ல, உன்னைக் குளிப்பாட்ட வர்ற பொம்பளைங்க" என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள்.

"காலங்காத்தால என்ன பேச்சுக்கா இது? வாயைக் கழுவு."

"இன்னைக்குப் பகாட்டுவே. காயல்ல மீன்பிடி திறக்கிற நாள். உடுத்திக்கிட்டுப் போய் ஆடப்போறேன்."

சமையலறையிலிருந்து அவன் மனைவி பாபா எட்டிப் பார்த்தாள். "ஆடவா? மதினி, நேத்து உங்களைக் கட்டில்லேர்ந்து எழுப்ப ரெண்டு பேர் தூக்கினோம்!"

"இடுப்பு ஆடும்டி. முட்டிதான் முரண்டு பிடிக்குது. அதை உங்கிட்ட விட்டுட்டுப் போறேன், பத்திரமா பாத்துக்கோ."

பாபா சிரித்தாள். புருஷன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

இதயம் வீங்கியிருக்கிறது, இந்த வருஷம் தாண்டுவது கஷ்டம் என்று போன மாசம் மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அதற்கு நியார்கோவா அழவில்லை. வந்தவள் போகத்தானே வேண்டும். அவள் அழுததெல்லாம் தங்கை மான்சாவுக்காக.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே திருவிழாக் காலையில், மான்சா வந்து தன் பெட்டியிலிருந்த கென்டேயைக் கேட்டாள். அப்போது எல்லாப் பெட்டிகளின் சாவியும் நியார்கோவாவின் இடுப்பில் இருந்தது. "அக்கா, ஒரே ஒரு நாள். சாயங்காலமே மடிச்சு வெச்சிடறேன். கண்ணாடில ஒருதரமாவது பாத்துக்கிறேனே."

"செத்தவ துணிக்கு உனக்கென்னடி அவசரம்?" என்று சொல்லி, தோஷம் போகத் தரையில் துப்பினாள் நியார்கோவா. மான்சா சண்டை போடவில்லை. வெளிறிப்போன பூப்போட்ட துணியிலேயே போய் ஆடிவிட்டு வந்தாள். செப்டம்பரில் செத்தாள். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்வரை, மகன் ஜெர்மனியிலிருந்து வரும்வரை, நாலு மாசம் பிணவறையில் காத்திருந்தாள். பிறகு நியார்கோவாதான் தன் கையால் அந்தப் பட்டைப் போர்த்தி நீவிவிட்டாள். "ராணி மாதிரி இருக்கா" என்றார்கள் வந்தவர்கள். கேட்டிருக்க வேண்டியவளின் காதில் பஞ்சு. அவளுக்குச் சேர வேண்டிய புகழை நியார்கோவா நின்று தலையாட்டி வாங்கிக்கொண்டாள். அன்றே சாவிக்கொத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டாள்.

"நீ உடுத்தின துணியை அப்புறம் போர்த்த முடியாது, வேற துணி இல்லாம உன்னை எப்படிக் கிடத்துறது?" என்றான் குவாமெனா. "குடும்பத் தலைவன் நான். ஊர் என்னைத்தான் காறித் துப்பும்."

"கிடத்தாதே. வெள்ளைத் துணில சுத்தி மறுநாளே புதைச்சிடு. நாலு மாசம் ஐஸ்ல கிடக்க எனக்குப் பொறுமை இல்ல."

"மான்சா கேட்டப்ப மறுத்தவ நீதானே? இப்ப உனக்குன்னு வந்ததும் நியாயம் மாறிடுச்சா?"

பாபா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஆமா, நான்தான் மறுத்தேன்" என்றாள் நியார்கோவா. "அதைத் திருப்பி எடுக்க வழி இருந்தா சொல்லு, இந்தப் பெட்டியை நீயே வெச்சுக்கோ."

குவாமெனா கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். பிறகு எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்துவிட்டான்.

பாச்சை உருண்டை நெடி மூக்கில் ஏறியது. மஞ்சளும் பச்சையும் வாங்கிய அன்று போலவே பளிச்சென்றிருந்தன. நியார்கோவா துணியை எடுத்து உதறினாள். மடிப்பு இருந்த இடங்களிலெல்லாம் பட்டு சரசரவென்று விட்டுக்கொண்டது, குறுக்கே நாலு கோடு.

"ஐயோ மதினி! எலி கடிச்ச மாதிரிகூட இல்லையே..."

எலியுமில்லை, பூச்சியுமில்லை. மடித்தது மடித்தபடி கிடந்தே இற்றுப்போயிருக்கிறது. நியார்கோவா கிழிசலை விரலால் தடவினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இது முழுசாக இருந்திருக்கும். இரண்டு பெட்டியையும் திறந்திருக்கலாம். அக்காவும் தங்கையுமாக, ஒருத்தி தோளை ஒருத்தி சரிசெய்துகொண்டு, சந்தைக்காரிகள் வயிறெரியப் போயிருக்கலாம். சாவி இடுப்பில்தானே இருந்தது.

"விடுக்கா" என்றான் குவாமெனா. குரலில் நிம்மதி தெரிந்தது. "தையல்காரன்கிட்டக் குடுப்போம். அடுத்த வருஷம்..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் மீதியை விழுங்கிவிட்டான்.

துணியை மார்போடு சுற்றிக்கொண்டாள். பாபா கேட்காமலே வந்து இரண்டு ஊக்கு குத்தினாள். "பின்னாடி பாவாடை தெரியுது மதினி."

"தெரியட்டும். பின்னால வர்றவங்களுக்கும் பாக்க ஏதாவது வேணுமில்ல."

கண்ணாடிப் பக்கம் அவள் போகவில்லை. அங்கே போய் நிற்க மனசு வரவில்லை.

தெருவுக்கு வந்ததும் மூச்சு வாங்கியது. சுவரில் கையூன்றி நின்றாள். "அக்கா, வண்டி கூப்பிடறேன், நில்லு!" என்று உள்ளேயிருந்து குவாமெனா கத்தினான். அவள் சுவரைவிட்டுக் கையை எடுத்தாள். காயல் பக்கம் முரசு அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். நடந்தாள்.