சிஞோரா வீடும் சீனமும்

துசானி சீனம் படிக்கிறாள் என்ற கதை, இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் தமிழர் குடியிருக்கும் போர்கோ வெக்கியோவில் பரவியபோது, சிரிக்காத தமிழ்க் குடும்பம் இல்லை. "என்ன, சீனாக்காரனுக்கோ பெட்டையைக் குடுக்கப் போறியள்?" என்று கீழ்வீட்டு நாகபூசணி அவளுடைய தாய் ஞானம்பிகையிடம் கேட்டாள். சிரிக்கட்டுமே! பள்ளிக்கூடத்தில் சீனம் இல்லை. சொல்லிக்கொடுக்கவும் ஆளில்லை. ஒரு பழைய புத்தகம், அதோடு வந்த கசெற், ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையப் பக்கம் கைப்பை விற்கும் சீனப் பெண்கள், இவ்வளவுதான். அந்தக் கடைக்குப் போய், ஒன்றும் வாங்காமல், அவர்கள் துரத்தும்வரை சீனத்தில் கதைத்துவிட்டு வருவாள். வெட்கமா? அதைப் பார்த்தால் படிக்க முடியுமா?

நாப்போலியில் ஒரு கல்லூரி சீனத்தில் நேர்முகத் தேர்வு வைத்து, தேறினவர்களுக்கு விடுதி அறையும் இலவசமாகக் கொடுத்தது. வாடகைக்குக் காசில்லை, அறை கிடைக்காவிட்டால் நாப்போலி இல்லை. நாப்போலி இல்லாவிட்டால் வீடு கூட்டும் தும்புத்தடிதான்.

சும்மா சொல்லவில்லை. பலெர்மோத் தமிழருக்குள் ஒரு வழக்கம் உண்டு. தாய் கூட்டித் துடைத்த சிஞோராவின், அந்த இத்தாலிய எசமானியின், வீடு, தாய்க்கு ஏலாமல் போனால் மகளுக்குப் போகும், சீதனம் கொடுக்கிற மாதிரி. ஞானம்பிகைக்கு முழங்கால் நோ. பாரமான வேலையை இனி மகள் செய்வாள், சமையலைத் தான் பார்ப்பேன் என்று சிஞோராவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். மகளிடம் ஒரு சொல் கேட்கவில்லை. பிள்ளைக்கு நல்லது செய்ததாகத்தான் அந்த மனுசி நினைத்தது.

வேலை தொடங்கும் நாளும் தேர்வும் ஒரே திங்கட்கிழமையில் வந்து விழுந்தன.

அதற்கு முந்திய சனிக்கிழமை, தாயையும் மகளையும் கூப்பிட்டு சிஞோரா வீட்டுக் கதவின் திறப்பை நீட்டினாள். துசானி வாங்கவில்லை.

"நான் வரமாட்டேன், சிஞோரா. சீனம் படிக்க நாப்போலிக்குப் போகிறேன்."

சிஞோரா வாய்விட்டுச் சிரித்தாள். "சீனமா? நீயா? முதலில் ஜன்னல் துடைக்கப் பழகு!"

"பழகிவிட்டேன். அதனால்தான் போகிறேன்."

சிஞோராவின் முகம் கறுத்தது. மகள் வராவிட்டால் தாயும் வரவேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

படியிறங்கும்போதே ஞானம்பிகை வெடித்தாள். "என்ரை சோத்திலை மண்ணைப் போட்டிட்டியே, பாவி! இந்தக் காலோடை இனி ஆர் எனக்கு வேலை தருவினம்?"

"அம்மா, நான் போறன்."

"போ! போய்த் துலை!"

அழுதுகொண்டேதான் போனாள். ஆனால் போனாள்.

நாப்போலியில் பேராசிரியர் சீனத்தில் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார். பிறகு, "அம்மா என்ன வேலை செய்கிறார்?" என்றார். புத்தகத்தில் இதற்கு விடை இருந்தது. வைத்தியர், ஆசிரியை, எதையாவது சொல்லித் தப்பியிருக்கலாம்.

"அம்மாவுக்கு வேலை இல்லை," என்றாள் சீனத்தில். "நான் இங்கே வந்ததால் அது போய்விட்டது. அறை தரும்வரை இந்தக் கதிரையை விட்டு எழும்பமாட்டேன்."

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். "உச்சரிப்புப் பிழை. திரும்பச் சொல்."

சொன்னாள், இன்னும் உரத்து. பிழை அப்படியேதான் இருந்தது. அறையைக் கொடுத்த பிறகுதான் அவளை எழுப்ப முடிந்தது.