இரண்டரை அங்குலம்

“ஏன் அண்ணி, துணியத் தைக்கும்போது வாயையும் சேர்த்துத் தச்சுக்கிட்டீங்களா?” என்று நாத்தனார் ஒருமுறை கேட்டாள். கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம் அது. தையல்காரி அதற்கும் வாய் திறக்கவில்லை. சிரித்துவிட்டு ஊசியில் நூல் கோத்தாள். அதோடு அந்தக் கேள்வியை யாரும் மறுபடி கேட்கவில்லை. பதில் கிடைத்துவிட்டது போலிருந்தது.

அப்படிப்பட்டவள் சந்து மேம்பாட்டுக் குழுவில் உறுப்பினரானதற்கு அவள் புருஷனின் தூக்கம்தான் காரணம். வீட்டுக்கு ஒருவர் வந்தாக வேண்டும் என்பது விதி. அவன் ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவிட்டு, விடிந்து வந்து படுத்தால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அச்சகத்தின் பின்னறையில் நடக்கும் கூட்டத்துக்கு அவள் போனாள். எல்லோரும் காகிதக் கட்டுகளின் மேல் உட்காருவார்கள். அவளுக்குக் கதவோரக் கட்டு. சேலையில் மை ஒட்டாமல் பார்த்துக்கொள்வதும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதும்தான் இரண்டு வருஷமாக அவள் செய்த குழுப்பணி.

செயலாளர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சந்தே அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடும். தீர்மானத்தை வாசித்து முடித்ததும், “ஆட்சேபணை இருக்கிறவங்க சொல்லலாம்” என்று சொல்லி ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்துக் குடிக்க ஆரம்பிப்பார். தம்ளர் காலியாகி மேசையில் டக்கென்று உட்கார்ந்தால் தீர்மானம் நிறைவேறியது. அதற்குப் பிறகு யார் பேசினாலும் செல்லாது. இந்த ஏற்பாடு வந்ததே சாவிக்கடைக்காரரால்தான். பூட்டுக்குச் சாவி செய்கிற அந்த மனிதருக்கு வானொலி என்று பெயர். திருகி நிறுத்த முடியாத வானொலி. அவர் ஆட்சேபணை தெரிவித்த முதல் கூட்டம் காலையில் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டைத் தாண்டியும் ஓடியது. அடுத்த வாரமே கண்டக்டர் தம்ளரோடு வந்துவிட்டார்.

போன மாதக் கூட்டத்தில் ஆம்புலன்ஸ் பேச்சு வந்தது. சாவிக்கடைக்காரரின் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்று வண்டி சந்துக்குள் நுழைய முடியாமல் வாயிலேயே நின்றுவிட்டது. கிழவரை நாற்காலியில் வைத்து நாலு பேர் மெயின் ரோடு வரை தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஓட்டத்தைப் பார்த்த யாருக்கும் அது மறக்கவில்லை. எட்டரை அடி அகலம் கிடைத்தால் பக்கக் கண்ணாடியை மடக்காமல் உள்ளே வருவேன் என்று வண்டி ஓட்டுநர் சொல்லியிருந்தார். கண்டக்டர் சந்து முழுக்க அளந்து, அடுத்த கூட்டத்துக்குக் காகிதத்தோடு வந்தார்.

“ரெண்டே இடம்தான் இடிக்குது. சாவிக்கடைப் படிகிட்ட ஏழு அடி பத்து அங்குலம். தையல் கொட்டகைகிட்ட எட்டு அடி மூணு அங்குலம். ரெண்டையும் எடுத்தாகணும்.”

“எடுங்க. என் படியை முதல்ல எடுங்க” என்றார் சாவிக்கடைக்காரர். “எங்கப்பாவை நாற்காலியில உட்கார வச்சு ஊர்வலம் விட்டது ஒரு தடவை போதும். ஆனா ஒண்ணு, என் படி போனா அந்தக் கொட்டகையும் போகணும். ஆளுக்கொரு நியாயம் கிடையாது. நான் பேச ஆரம்பிச்சா…”

“ஆரம்பிக்காத” என்றார் கண்டக்டர்.

“மூணு அங்குலம்தானே, கொஞ்சம் பார்த்து அளந்திருக்கலாமே” என்றார் அச்சகக்காரர்.

“பார்த்துத்தான்யா அளந்தேன். கொத்தனார் வெளியூர் போயிட்டார், இரும்பு டேப்பு கிடைக்கல. இது தையல் டேப்பு. ரவிக்கைக்கு அளவெடுக்கிற டேப்பு. இதைவிடத் துல்லியம் வேணுமா உனக்கு?” என்று கண்டக்டர் அதைத் தூக்கிக் காட்டினார்.

ஒரு முனையில் தகர மூடி இல்லை. தேநீர்க் கறை நிறம். தையல்காரி அதை அடையாளம் கண்டுகொண்டாள். அது அவள் கொடுத்த டேப்.

கண்டக்டர் தம்ளரை எடுத்தார். அவள் வாயைத் திறந்தாள். சொல் தொண்டை வரை வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. டக்.

கண்டக்டர் டேப் கேட்டு வந்த நாளை அவள் வீட்டுக்கு நடந்து போகும்போது நினைத்துப் பார்த்தாள். “தங்கச்சி, கமிட்டி வேலைக்கு ஒரு டேப்பு குடு” என்றுதான் கேட்டார். பேனர் கட்டத்தான் என்று நினைத்துவிட்டாள். அதற்கு முந்தைய கமிட்டி வேலைக்கு அவளுடைய நல்ல கத்தரிக்கோல் போனது. கம்பி வெட்டி, பல் பல்லாகத் திரும்பி வந்தது. அதனால் கழுத்தில் கிடந்த நல்ல டேப்பைத் தொடாமல், பெட்டிக்கு அடியில் கிடந்த பழசை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பழசால் அவள் துணி தைத்தே நாலு வருஷமாகிறது. தைத்த துணி மூட்டையை சைக்கிளில் கட்ட அவள் புருஷன் அதைத்தான் கயிறாக இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

அன்று மத்தியானம் சந்தில் ஆள் நடமாட்டம் ஓய்ந்ததும் நல்ல டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். எதிர்ச் சுவரிலிருந்து கொட்டகைத் தகரம் வரை இரண்டு முறை அளந்தாள். எட்டு அடி ஏழு அங்குலம். தேவைக்கு மேல் ஒரு அங்குலம்.

கொட்டகை என்றால் பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. வீட்டு முன்சுவரை ஒட்டி நாலடி அகலத்தில் தகரம் அடித்த இடம். தையல் இயந்திரமும் ஒரு முக்காலியும் அதில் கச்சிதமாக அடங்கும். தகரம் நிற்கும் கால்கள் காரையில் ஊன்றியவை. மூன்று அங்குலம் தள்ள வேண்டுமென்றாலும் அடியோடு பெயர்த்து, பழைய குழியை விட்டு ஒரு அடி உள்ளே நட வேண்டும். ஒரு அடி போனால் முக்காலி போச்சு. வீட்டுக்குள் இருப்பது ஒரே அறை, அதில் பகல் முழுவதும் அவன் தூங்க வேண்டும். இயந்திரத்தை அங்கே ஓட்டினால் அவன் தூங்க முடியாது. தூங்காமல் போய் ரொட்டி அடுப்பின் முன்னால் நின்றால் கை வெந்துவிடும். ஆக, கொட்டகை போனால் தையலும் போனது.

நாலு மணிக்கு அவன் எழுந்ததும் சொன்னாள்.

“நேராப் போய் கண்டக்டர்கிட்ட சொல்லு.”

“நீங்க சொல்லுங்களேன்.”

“நானா கமிட்டி? தலையாட்டுறது நீ, பேசுறது நானா?”

“அதுல மூட்டை கட்டினது யாரு?”

“கட்டினது நான். கடன் குடுத்தது நீ” என்றான் அவன். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். “இங்க பாரு, இதுல என்ன பொய் இருக்கு? ரெண்டு டேப்பையும் பக்கத்துல வச்சாப் போதும்.”

நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். திங்கள் போனது, செவ்வாய் போனது. கண்டக்டர் வாசலைக் கடக்கும்போதெல்லாம் அவள் குனிந்து பொத்தான் தைத்தாள். தன் கொட்டகையைக் காப்பாற்றத்தான் கதை கட்டுகிறாள் என்று சொல்லிவிட்டால்? சாவிக்கடைக்காரர் பேச ஆரம்பித்துவிட்டால்? இப்படியே சனிக்கிழமை வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் சம்மட்டிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். சாவிக்கடைக்காரர் கொத்தனாருக்காகக் காத்திருக்கவில்லை. தன் கடைப் படியைத் தானே உடைத்துக்கொண்டிருந்தார். அவர் அப்பா பக்கத்தில் ஊன்றுகோலோடு உட்கார்ந்து, “இன்னும் நாலு போடு, இன்னும் நாலு போடு” என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு இதுவரை பயம் கொட்டகையைப் பற்றி மட்டும் இருந்தது. இப்போது வேறொன்று சேர்ந்துகொண்டது. அந்தப் படியும் அதே டேப்பால் அளக்கப்பட்டதுதானே. உடைக்க வேண்டாத படியை ஒரு மனிதர் உடைத்துக்கொண்டிருந்தால், அது தான் வாய் திறக்காத பாவம் இல்லையா? அன்று இரவு அவன் வேலைக்குப் போன பிறகு அவள் போட்ட தையல் ஒன்றுகூட நேராக விழவில்லை.

ஞாயிறு காலை குழு முழுவதும் கொட்டகை முன்னால் வந்து நின்றது. கொத்தனார் கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தார். உள்ளே புருஷனின் குறட்டை கேட்டது. எழுப்பினால் எழுந்து வருவான், ஆனால் அவன் உறுப்பினர் இல்லை. கண்டக்டர் வழக்கத்தை விடாதவர். தம்ளரைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

“தீர்மானப்படி இன்னைக்கு வேலை ஆரம்பிக்குது. ஆட்சேபணை இருக்கிறவங்க சொல்லலாம்.”

குடிக்கத் தொடங்கினார். தையல்காரி அவர் குரல்வளை ஏறி இறங்குவதைப் பார்த்தாள். தம்ளர் சாய்ந்துகொண்டே போனது. கால்வாசிதான் மிச்சம்.

“அண்ணே, கொஞ்சம் மெதுவாக் குடிங்க” என்றாள்.

இரண்டு வருஷத்தில் அவள் குழுவில் பேசிய முதல் வாக்கியம் அது. கண்டக்டருக்குப் புரையேறிவிட்டது. அச்சகக்காரர் அவர் முதுகில் தட்டினார். அந்த இருமல் அடங்குவதற்குள் சொல்லியாக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

“அளந்த டேப்பு தப்புண்ணே. நான் குடுத்ததுதான் தப்பு. கத்தரிக்கோல் மாதிரி திரும்பி வந்துடுமோன்னு பழசைக் குடுத்துட்டேன். அது மூட்டை கட்டுன டேப்பு. இழுத்து இழுத்து நீண்டு போச்சு.”

கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றிக் கொடுத்தாள். கண்டக்டர் பையிலிருந்து பழையதை எடுத்தார். இரண்டையும் தகரத்தின் மேல் ஒட்டிப் பிடித்தார்கள். ஒன்றின் அறுபது முடிந்த பிறகும் மற்றதன் அறுபது வர இன்னும் இரண்டரை அங்குலம் இருந்தது.

“அடப்பாவமே, நாற்பது வருஷம் டிக்கெட் கிழிச்சேன், ஒரு பைசா தப்பினதில்ல. ஒரு டேப்பு என்னை ஏமாத்திடுச்சே” என்றார் கண்டக்டர்.

“டேப்பு எங்க ஏமாத்துச்சு? ரவிக்கை டேப்புல ரோட்டை அளந்தது யாரு?” என்றார் அச்சகக்காரர். யாரோ சிரித்தார்கள்.

“டேப்பு சண்டையெல்லாம் அப்புறம்” என்று கொத்தனார் இடுப்பிலிருந்த இரும்பு டேப்பை உருவினார். எதிர்ச் சுவரில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லித் தகரத்தில் வைத்துப் பார்த்தார். “எட்டு ஏழு. தாராளமா வரும். கடப்பாரைக்கு இங்க வேலையில்ல.”

தையல்காரி தகரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் மூச்சு முழுதாக வெளியே வரவில்லை. சாவிக்கடைக்காரர் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வாரமாக அந்தச் சந்தில் அவர் குரல் கேட்காத ஐந்து நிமிஷம் இதுதான்.

“உங்க படியையும் அளக்கணும்ணே” என்றாள் அவரிடம். “நான் போன வாரமே சொல்லியிருக்கணும். அது தேவையில்லாம உடைஞ்சிருந்தா என் தப்புதான்.”

அவர் கொத்தனாரின் கையிலிருந்து இரும்பு டேப்பை வாங்கிக்கொண்டு தன் கடைக்கு நடந்தார். எல்லோரும் பின்னால் போனார்கள். படி போய்விட்டாலும் அது உட்கார்ந்திருந்த இடம் தரையில் வெள்ளைத் தழும்பாக இருந்தது. தழும்பின் ஓரத்தில் அவர் குந்தினார். எதிர்ப்பக்கம் கண்டக்டர் முனையைப் பிடித்தார். கிழவர் கடைக்கு வெளியே நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

“என்னப்பா வருது?” என்றார் கண்டக்டர்.

கொத்தனார் குனிந்து பார்த்தார். “எட்டு அடி ரெண்டு. நாலு அங்குலம் குறை. நல்ல டேப்பா இருந்தாலும் இது போகவேண்டிய படிதான்.”

அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. வந்த வேகத்தில் கண்ணீரும் வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். யாரும் பார்த்தால் பார்க்கட்டும் என்றிருந்தது. அச்சகக்காரர் அவளைப் பார்த்து, “இனிமே கூட்டத்துக்கு ரெண்டு தம்ளர் கொண்டு வரணும் போலிருக்கே” என்றார். கண்டக்டர் தீர்மானத் தாளில் தையல் கொட்டகை என்ற வரியை அடித்துவிட்டு, அவள் கையில் நல்ல டேப்பைத் திருப்பிக் கொடுத்தார்.

“இதையும் கமிட்டிக்கே குடுத்துடேன் தங்கச்சி.”

“குடுக்க மாட்டேன்” என்றாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சாவிக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. இரும்பு டேப்பை மெதுவாகச் சுருட்டிக் கொத்தனாரிடம் நீட்டினார். தழும்பின் மேல் நின்று சந்தின் வாய்ப்பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். அங்கிருந்து தன் கடை வரை இப்போது ஆம்புலன்ஸ் வர எதுவும் குறுக்கே இல்லை. பிறகு அவளைப் பார்த்தார். ஏதோ சொல்வதுபோல் உதடு அசைந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் தலையை ஒருமுறை ஆட்டினார். அப்பாவின் தோளில் கையைப் போட்டு, படியில்லாத வாசலில் அவரைத் தூக்கி விட்டு, தானும் ஏறி, ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.