ஒண்ணு கழிச்சாச்சு

மாலை வகுப்பில் சேர்ந்து பதினொரு மாதம் கழித்து, என் படம் ஒன்றைக் கண்காட்சியில் மாட்டலாம் என்று ஓவிய ஆசிரியை சொன்னார். கண்காட்சி சனிக்கிழமை. வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சட்டமில்லாத படம் சுவரில் ஏறாது; அந்த இடம் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். அடுத்தவர் ஒரு பல் டாக்டர். ஒன்றுக்கு மூன்றாகச் சட்டம் போட்டுத் தயாராக வைத்திருந்தார்.

நான் தொடங்கிய எதையும் நாலு பேர் பார்க்கிற மாதிரி இதுவரை முடித்ததில்லை. நீச்சல் பாதிக் குளத்தில் நின்றது. பின்னிய ஸ்வெட்டருக்கு ஒரு கைதான் இருக்கிறது. இதையும் கோட்டை விட்டால் அடுத்து எதையும் தொடங்கமாட்டேன் என்று எனக்கே தெரிந்திருந்தது.

படம் துணியில் வரைந்தது. அம்மா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்; முதுகுதான் தெரியும். எனக்கு முகம் வரைய வராது என்பதே அதற்கு உண்மையான காரணம். இடது ஓரத்தில் ஜன்னல். அதன் வெளிச்சம் அம்மாவின் தோளில் விழுகிறது. வலது கீழ் மூலையில் என் கையெழுத்து. போடலாமா கூடாதா என்று நான்கு நாள் யோசித்து, கடைசியில் எறும்பு அளவுக்குப் போட்டேன்.

நோட்டில் திட்டம் எழுதினேன். செவ்வாய் அளவெடுப்பது, புதன் மரக்கடை, வியாழன் காலை துணியைச் சட்டத்தில் இழுத்து அடிப்பது.

என்னிடம் இருந்தது ஓரடி ஸ்கேல். அதனால் செவ்வாயன்று அம்மாவின் டேப்பைக் கேட்டேன். அம்மாவுக்குத் தையல்தான் தொழில். அந்த டேப்பின் முதல் அங்குலம் தேய்ந்து கிழிந்து போய்விட்டது. அம்மா ஒன்றாம் எண்ணிலிருந்து அளப்பாள், வரும் கணக்கில் ஒன்றைக் கழிப்பாள். புது டேப் வாங்கிக்கொடுத்தால், "இதுதான் என் கைக்குப் பழக்கம்" என்று டப்பாவில் போட்டு மூடிவிடுவாள்.

துணி சுருளாமல் நான் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மடித்து அடிக்க விட்ட வெற்று ஓரத்தைத் தள்ளி, படத்தை மட்டும் அம்மா அளந்தாள்.

"அகலம் பதினேழு. உயரம் இருபத்தொண்ணு."

அம்மா எழுந்து மின்விசிறியைக் கூட்டிவைக்கப் போனாள். நான் பென்சிலை எடுத்துக்கொண்டே கேட்டேன். "இதுல ஒண்ணு கழிக்கணுமாம்மா?"

"ம்ம், ஆமா ஆமா."

பதினாறு, இருபது என்று எழுதினேன். அடியில் கோடும் போட்டேன்.

நான் வேலை பார்ப்பது வீட்டுச் சாமான்கள் விற்கிற ஒரு கம்பெனியின் உதவி எண்ணில். பிளக் செருகியிருக்கிறதா, சுவிட்ச் போட்டிருக்கிறதா, ஒருமுறை அணைத்துப் போட்டீர்களா என்று வரிசையாகக் கேட்க வேண்டும். பயிற்சியின் முதல் நாளே ஒன்று சொல்லித்தந்தார்கள். வாடிக்கையாளர் "ஆமா ஆமா" என்று இரண்டு தரம் சொன்னால், கேள்வி அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். வேலையில் இதை ஒரு நாளும் மறந்ததில்லை.

புதன்கிழமை மரக்கடையில் நான்கு கட்டைகளையும் மூலை சீவி வெட்டிக்கொடுத்தார்கள். வீட்டில் பசை தடவி, மூலைக்கு இரண்டு ஆணி அடித்து, கோணல் இல்லையே என்று குறுக்கே நூல் பிடித்துப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

வியாழன் காலை துணியைக் குப்புறப் போட்டு அதன்மேல் சட்டத்தை வைத்தேன். அகலத்தில் ஓர் அங்குலம் குறைந்தது. திருப்பி வைத்தேன். உயரத்திலும் ஓர் அங்குலம் குறைந்தது.

மரக்கடைக்குப் போன் போட்டேன். "வெட்டுற மெஷின்காரர் ஊருக்குப் போயிட்டாரும்மா. திங்கக்கிழமை வாங்க," என்றார் கடைக்காரர்.

அம்மா ஊசியில் நூல் கோத்தபடி வந்து பார்த்தாள். "என்னடி, முகம் இப்படி இருக்கு?"

"சட்டம் சின்னதாப் போச்சு."

"சட்டம்தானே தப்பு? நீ ஏன் குற்றவாளி மாதிரி நிக்கிற?"

"விளையாடாதம்மா. நீ பதினேழுன்னு சொன்ன. நான் பதினாறு எழுதிட்டேன்."

"பதினேழுன்னா பதினேழுதான். நான் கழிச்சுட்டுத்தான் சொன்னேன். முப்பது வருஷமா கழிச்சுட்டுத்தான் சொல்றேன்."

"கழிக்கணுமான்னு கேட்டேன்ல? ஆமா ஆமான்னியே!"

"எப்ப கேட்ட? டீ குடிக்கணுமான்னுல்ல கேட்ட? நானும் டீ வரும் வரும்னு பாத்தேன். வரவே இல்ல."

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அம்மா திரும்பி நூல்கண்டை எடுக்கக் குனிந்தபோது, அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து சாதாரணக் குரலில் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். அதற்கும் திரும்பவில்லை. இந்த முதுகைத்தான் இரண்டு மாதம் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைந்தேன்.

முன்னால் போய் நின்றேன். "மெஷின் எங்கம்மா?"

"இதோ இருக்கே, கண்ணு தெரியலையா?" என்று தையல் மெஷினைக் காட்டினாள்.

"காது மெஷின்."

அம்மா பித்தான் டப்பாவைத் திறந்து, வெள்ளைப் பித்தான்களுக்கு அடியிலிருந்து காதுக் கருவியை எடுத்துத் தந்தாள். "மூணு வாரமாச்சு. சத்தம் குறைஞ்சுகிட்டே வந்துச்சு, அப்புறம் ஒரேயடியா நின்னு போச்சு."

"ஏம்மா சொல்லல?"

"நாள் முழுக்க ஊர்ல இருக்கிறவங்க சாமானுக்கெல்லாம் போன்ல வைத்தியம் பாத்துட்டு வர. வீட்டுக்கு வந்தா இதையும் நீட்டுறதா? எதிர்ல நின்னு பேசினா உதட்டைப் பாத்தே புரிஞ்சுக்குவேன்."

மூன்று வாரமாக எதிரில் நின்று எத்தனை தரம் பேசினேன் என்று எண்ணிப் பார்த்தேன். அந்தக் கணக்கை நோட்டில் எழுதவில்லை.

படத்தை ஓரமாக வைத்துவிட்டு, அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து எதிரில் உட்கார்ந்தேன். போனில் பேசும் குரலை வரவழைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன். "வணக்கம். உங்கள் சாதனத்தில் என்ன பிரச்சினை?"

அம்மா உதட்டைப் பார்த்தாள். உடனே பிடித்துக்கொண்டாள். "எம் பொண்ணு பேசுறது கேக்கலைங்க."

"அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா?"

"பொண்ணையா?"

இந்தத் தரம் சிரித்துவிட்டேன்.

பேட்டரியை மாற்றினேன். பயனில்லை. மூடியைத் துடைத்தேன். அதற்கும் பயனில்லை. காதுக்குள் போகும் முனையில் ஒரு வடிகட்டி உண்டு, அரை அரிசி அளவுதான் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது நீலமாக ஏதோ அடைத்திருந்தது. துணிப்பஞ்சு. அம்மா போன மாதம் முழுக்கத் தைத்தது நீலத் திரைச்சீலை. கருவியோடு வந்த சின்னப் பெட்டியில் மாற்று வடிகட்டிகள் பிரிக்காமல் கிடந்தன. ஒன்றை எடுத்து மாட்டினேன்.

அம்மா கருவியைக் காதில் வைத்து முடியை இழுத்து மூடினாள். நான் சமையலறைக்குப் போய், பாத்திரத்தில் தண்ணீர் பிடித்தபடியே கேட்டேன்.

"டீ குடிக்கணுமாம்மா?"

"கத்தாதடி, காது வலிக்குது!"

டீ குடித்த பிறகுதான் மறுபடி படத்துக்கு வந்தோம். சட்டத்தைப் பெரிதாக்க வழியில்லை. "ஓரத்தை வெட்டிடலாம்," என்றேன். வெட்டினால் மற்றதும் கெட்டுவிடும் என்று எனக்கு உள்ளூரப் பயம்.

"துணியை யாராவது வெட்டுவாங்களா? மடிச்சு விடு. பிரிச்சா திரும்ப வரும்."

எந்தப் பக்கம் மடிப்பது? மேலே வெறும் சுவர், அங்கே ஓர் அங்குலம் போனால் யாரும் தேடமாட்டார்கள். அகலத்தில்தான் சிக்கல். இடது பக்கம் மடித்தால் ஜன்னல் போகும், ஜன்னல் போனால் தோளில் விழும் வெளிச்சத்துக்கு அர்த்தம் இல்லை. வலது பக்கம் மடித்தால் என் கையெழுத்து போகும். நோட்டை எடுத்து இரண்டு பத்தியாகக் கோடு போட ஆரம்பித்தேன். அம்மா நோட்டை மூடினாள்.

"உனக்கு எது வேணும்?"

"உன் தோள்."

வலது பக்கம் மடித்தேன். அம்மா எதிர்ப்பக்கம் துணியை இழுத்துப் பிடிக்க, நான் நடுவிலிருந்து மூலையை நோக்கி ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டே போனேன். நிமிர்த்திப் பார்த்தபோது கையெழுத்து காணாமல் போகவில்லை. கட்டையின் பக்கவாட்டில், ஓர் அங்குலக் கனத்தில் நின்றுகொண்டிருந்தது.

வெள்ளி மாலை நாலே முக்காலுக்குக் கொடுத்தேன். ஆசிரியை தட்டிப் பார்த்து, "நல்லா இறுக்கமா வந்திருக்கு. பேரு எங்க?" என்றார். பக்கவாட்டைக் காட்டினேன். "வித்தியாசமா யோசிச்சிருக்க," என்றார். மறுத்துச் சொல்ல வாயெடுத்தேன், சும்மா இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை என் படத்துக்கு அருகில் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. கூடத்தின் மறுகோடியில், எப்படியோ வேறோர் இடம் பிடித்துவிட்ட பல் டாக்டரின் பழங்களுக்கு முன்னால் நின்றேன். அம்மா மட்டும் என் படத்தின் வலது பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்களுக்குப் படத்தில் இருப்பது அவள்தான் என்று தெரியாது. முதுகைத் திருப்பினால்தானே தெரியும். காதை மட்டும் தீட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நானாகவே கேட்டேன். "நல்லா இருக்குன்னு எத்தனை பேர் சொன்னாங்க?"

"ஒம்போது பேர்."

அவ்வளவு இருக்காது என்று மனம் சொன்னது. "இதுல ஒண்ணு கழிக்கணுமாம்மா?"

"கழிச்சாச்சுடி."

இந்தத் தரம் நான் திரும்பக் கழிக்கவில்லை. நோட்டில் ஒன்பது என்றே எழுதிவைத்தேன்.