மூன்றாம் முழுக்கு

“சாவியக் குடுக்கா. அவருக்கு வேர்த்துக் கொட்டுது, கை வேற...”

“மூணாவது முழுக்கு முடியட்டும்னு எத்தன தடவ சொல்றது...”

“கை நடுங்குதுக்கா. முழுக்கு முடியறதுக்குள்ள ஆளே முடிஞ்சிருவாரு.”

பெரியவள் இடுப்புச் சாவியை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். துறவியாகி இந்த மடத்துக்கு வந்து பதினெட்டு வருஷம். நோய் தீர மடத்து ஊற்றில் நாளுக்கு ஒன்றாக மூன்று முழுக்குப் போட வரும் நோயாளிகள் அந்த மூன்று நாளும் மருந்தைத் தொடக்கூடாது என்பது மடத்தின் விதி. வாசலில் அவர்கள் ஒப்படைப்பதை வாங்கிச் சீட்டு ஒட்டி அலமாரியில் பூட்டுவது அவள் வேலை. முந்தாநாளிலிருந்து தங்கை புருஷனுடைய சர்க்கரை மாத்திரையும் அதற்குள்தான் இருந்தது. தையல்காரரான அவர், மிஷின் மிதிக்கும் காலில் புண் ஆறாமல் வந்திருந்தார். விதி என்றால் அவருக்கு விதிதான். கெஞ்சினாலும் மாத்திரையைத் தொடமாட்டார்.

தலைமுடியோடு சேர்த்துக் கூடப்பிறந்த பாசத்தையும் மழித்துவிட்டார்களா என்று கேட்டாள் சின்னவள். அவருக்கு ஒன்றும் ஆகாது, ஊற்று பார்த்துக்கொள்ளும் என்றாள் பெரியவள்.

“ஊத்து பாத்துக்கும்னா நீ எதுக்குக் கண்ணாடி மாட்டிட்டிருக்க? நான் மடத்துப் பெரியவர்கிட்டயே போய்க் கேக்கறேன்.”

பெரியவள் அவள் கையைப் பிடித்து அலமாரி அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். முதல் வருஷமே, மருந்தை விட்டு முழுகிய ஒரு பெண்ணை ஊற்றுப் படியிலிருந்து பிணமாகத் தூக்கியதைப் பார்த்தவள் அவள். அன்றிலிருந்து, அவரவர் மாத்திரையை நுணுக்கி, காலையும் மாலையும் குடிக்கத் தரும் ஊற்றுநீர்க் குவளையில் கலந்துகொண்டிருந்தாள். வெளியே தெரிந்தால் மடத்தில் அவளுக்கு இடமில்லை. அதைத்தான் இப்போது தங்கையின் காதோடு சொன்னாள். ஒரு வேளைகூடத் தவறவில்லை, இன்று விடியற்காலையும் கொடுத்தாயிற்று, நடுக்கம் பட்டினியால்தான் என்றாள்.

சின்னவளின் முகம் தெளியவில்லை. துணிப்பையின் அடித்தையலைப் பிரித்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். முழுக்கக் காலி.

“வாசல்ல பாதியத்தான்க்கா ஒப்படைச்சேன். அவருக்குத் தெரியாம நானும் ரெண்டு வேளையும் பால்ல கரைச்சுக் குடுத்தேன்.”

“இன்னைக்குக் காலையில?”

“இன்னைக்கு வெறும் வயித்தோட முழுகணும்னாங்க. அதனால தண்ணியில கரைச்சேன்.”

இரண்டு பங்கு மாத்திரை. நேற்று இரவிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை. சர்க்கரை ஏறி வந்த வேர்வை அல்ல, இறங்கி வந்த வேர்வை.

பெரியவள் சமையற்கட்டுக்கு ஓடி ஒரு கை சர்க்கரையை அள்ளினாள். ஊற்றுக்கரையில் காவல் துறவி கோலைக் குறுக்கே நீட்டினார். முழுக்குக்கு முன் ஊற்றுநீர் தவிர வாயில் எதுவும் படக்கூடாது என்றார். வரிசையில் நாற்பது பேராவது இருப்பார்கள்; அத்தனை தலையும் திரும்பியது. அவர்களில் மாத்திரை ஒப்படைத்த அத்தனை பேருக்கும் அவள் கலந்த குவளைதான்.

“வழி விடுங்க. இவ ஒரு பங்கு மாத்திரை குடுத்தா, நான் ஊத்துத் தண்ணியில ஒரு பங்கு குடுத்தேன். இங்க எல்லாருக்கும் நான்தான் குடுக்கறேன்.”

கோல் தானாகத் தாழ்ந்தது. சின்னவள் முந்திக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். முறை வந்து முன்பே இறங்கியிருந்த தையல்காரர் ஐந்தாம் படியில், இடுப்பளவு நீரில், சுவரில் சாய்ந்திருந்தார். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. சின்னவள் தலையைத் தாங்கிக்கொள்ள, பெரியவள் சர்க்கரையை விரலால் அவர் கன்னத்துக்குள் தேய்த்தாள், மறுபடி தேய்த்தாள். பாதி வெளியே வழிந்தது.

“மாப்பிள்ள, என்னப் பாருங்க. நான் யாரு, சொல்லுங்க.”