ஆம்பளைங்க எல்லாம் வெளியே

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜவளகிரிப் பக்கம் ஆப்பிரிக்கர் ஒருவர் செதுக்கிய மாதா இருக்கிறாள் என்று ஓசூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். தளியில் இறங்கிப் போய்விட்டார். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

'1957. நைஜீரியாவின் மாபெரும் சிற்பி அகின்லாபி, உலகமே வியக்கும்...'

(சீ, இது வரவேற்புப் பத்திரம். அடித்துவிட்டேன்.)

2

அகின்லாபி, சிற்பியின் மகன். பெங்களூருக்குப் படிக்க வந்தவர், மாதா கோயிலில் நல்ல பலாமரம் கிடக்கிறதென்று கேட்டு வந்து மூன்று மாதம் தங்கிவிட்டார். இந்த ஊர்ப் பெண்கள் குடம் வைக்கும் இடுப்பில் குழந்தை இயேசுவை வைத்தார். சேலைக் கொசுவத்தை மடிப்பு மடிப்பாக உளியால் எடுத்தார். தலையை மட்டும் தன் ஊர் வழக்கப்படி பெரிதாக்கினார். அங்கே மனிதனின் விதி தலையில்தான் இருக்கிறதாம். (நமக்கு மட்டும் வேறெங்கே?)

உபதேசியார் பாக்கியராஜுக்குப் பிடிக்கவில்லை.

"தல இம்மாம் பெருசா இருக்குதே! பெங்களூர்ல இருந்து பிளாஸ்டர் சுரூபம் எடுத்தாந்துரலாம். இத சாமான் ரூம்புல போட்டுருவோம்."

ஆனால் மாதாவுக்குச் சேலை கட்டுகிறவள் ஜெயசெல்வி. அவள் கட்டினால்தான் மாதா. கட்டமாட்டேன் என்றால் வெறும் மரம்.

3

ஜெயசெல்வி நீலச்சேலையும் துணைக்கு நாலு பெண்களுமாக வந்து, சிலையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"மரத்துலயே சேல செதுக்கி வெச்சிருக்கறாரே! இத எப்பிடி மாத்தறதாம்?"

இங்கே எனக்கொரு திட்டம் இருந்தது. தன் உழைப்பெல்லாம் துணிக்குள் மறையப்போவதை எண்ணி அகின்லாபியின் கண்கள் கலங்...

(மாட்டேனென்கிறார் மனிதர். எத்தனை முறை எழுதினாலும் அந்தச் சேலையையே ஆசையாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.*)

* அவர் ஊரில் இரட்டையரில் ஒரு குழந்தை இறந்தால் அதற்கொரு மரப்பொம்மை செதுக்குவார்கள். தாய் அதைக் குளிப்பாட்டி உடுத்திவிடுவாள். அவருடைய அப்பா செதுக்கியதில் ஒன்றைக்கூட எந்தத் தாயும் உடுத்திவிடாமல் இருந்ததில்லை.

4

ஜெயசெல்வி ஊக்கைப் பல்லில் கடித்தபடி திரும்பினாள்.

"ஊரு கொறையெல்லாம் கேக்கணுமே, தல பெருசாவே இருக்கட்டும். மாதாவுக்குச் சேல கட்டப்போறேன். ஆம்பளைங்க எல்லாம் வெளிய போங்க."

பாக்கியராஜ் முணுமுணுத்துக்கொண்டே போனார். அகின்லாபி நகரவில்லை. செதுக்கியவர் அல்லவா.

"உங்களையுந்தாங்க லாபியண்ணா. போங்க, போங்க."

அப்போது அவருக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று எழுத! மூன்று மாதம் அவர் இழைத்த மரத்தின் முன்னால் இனி அவரே நிற்கக் கூடாதாம். அவசர அவசரமாக வெளியே வந்து, கதவுக்கு முதுகு காட்டி நின்றார். பாக்கியராஜ் பீடி ஒன்றை நீட்டினார்.

உள்ளே வளையல் சத்தம், சிரிப்பு. முந்தானை அந்தத் தலைக்கு முக்காடாக எட்டியதா? எனக்கெப்படித் தெரியும்? நானும் ஆம்பளை, அவர்களோடு வெளியேதான் நிற்கிறேன். வாசிக்கிறவர்களில் பெண்கள் இருந்தால் உள்ளே போங்கள்.

போனதும் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.