பன்னிரண்டு பரப்பும் மூன்றடியும்

வேலணைச் சிவகுரு தமது எழுபத்துநான்காவது வயதில் வள்ளலாக மாறியதற்கு ஏரம்புதான் காரணம். இது ஏரம்புவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு சண்டை பிடித்திருப்பார்.

இருவரும் அண்ணன் தம்பி பிள்ளைகள். பாட்டனின் காணியைப் பிரித்தபோது தெருப்பக்கத்துப் பன்னிரண்டு பரப்பு நிலம் சிவகுருவின் தகப்பனுக்கும், பின்பக்கம் ஏரம்புவின் தகப்பனுக்கும் வந்தது. பின்வீட்டார் தெருவுக்குப் போக, நடுவேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு விட்டிருந்தார்கள். ஐம்பது வருடம் அந்தப் பொட்டால் கறிச்சட்டி போனது, கலியாணப் பெண் போனாள், பாட்டனின் பாடையும் போனது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு எல்லையில் நின்ற பனையிலிருந்து ஒரு பழம் விழுந்தது. அது யாருக்கு என்பதில் வந்தது வினை. பதுளையில் முப்பது வருடம் கடை நடத்தி எவரிடமும் வாயால் தோற்காத சிவகுருவுக்கு ஒரு பனம்பழத்தில் தோற்க மனமில்லை. அன்று பின்னேரமே பொட்டில் கிளுவைக் கதியால் கம்புகள் நட்டு, ஓலை வரிந்து அடைத்துவிட்டார். பின்வீட்டாருக்குப் பின்னால் சுற்றிப் போகும் மணல் ஒழுங்கைதான் மிச்சம். அடுத்த மாரிக்குக் கதியால் துளிர்த்துவிட்டது.

அத்தோடு வீட்டில் ஒரு சட்டமும் வந்தது. ஏரம்புவின் பேரை யாரும் எடுக்கக்கூடாது. ஆடு வந்து மேய்ந்தால் மட்டும் சிவகுருவே வேலியைப் பார்த்துச் சத்தம் போடுவார். வேலிக்கு அங்காலிருந்து ஏரம்புவும் அதற்குக் குறையாமல் சத்தம் போடுவார். மனைவி அன்னபூரணம் சட்டத்தை மதித்தார். கனடாவிலிருக்கும் மகன் சசிகரன்தான் போனில் ஒருநாள் அதை மீறினான்.

"அப்பா, ஏரம்புச் சித்தப்பாவுக்கு அந்தப் பொட்டைத் திறந்து விடுங்கோவன். அவருக்கு இப்ப..."

சிவகுரு போனை வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் யோசித்தார். தாம் கண்ணை மூடினால், எட்டாம் நாள் எட்டுச்செலவு முடியமுன்னரே இவன் பொட்டைத் திறந்துவிடுவான்!

ஆகவே வளவை மகனுக்கு விடாமல் தருமத்துக்கு எழுதுவது என்று முடிவெடுத்தார். கோயிலுக்கு எழுதலாம் என்றால் பரிபாலன சபையில் ஏரம்புவின் சொந்தக்காரர். பள்ளிக்கூடத்துக்கு என்றால் அதிபர் ஏரம்புவுக்கு மருமகள் முறை. வாசிகசாலையில் நுழைந்தால் முன்னாள் தலைவர் வரிசையில் ஏரம்புவே படமாகத் தொங்கினார். ஊரில் தருமம் வாங்கக்கூடியவர்கள் அத்தனை பேரும் எதிராளியின் சொந்தக்காரர்களாக இருப்பதை நினைத்து அவருக்கு ஆத்திரம் வந்தது. அவர்கள் தமக்கும் அதே சொந்தம் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

கடைசியில் உறுதி எழுதும் நொத்தாரிசின் கந்தோர்ச் சுவரில் ஒரு அறிவித்தலைக் கண்டார். யாழ்ப்பாணத்தில் மாற்றுத்திறனாளிகள் சங்கம் ஒன்று இருக்கிறதாம். முன்பின் தெரியாத ஆட்கள். ஏரம்புவின் காற்றும் படாது. அதோடு, கோயிலுக்குக் காற்றாடி வாங்கிக் கொடுத்தவன் காற்றாடித் தகட்டிலேயே பேரை எழுதுகிற ஊரில், ஒரு வீட்டையே கொடுப்பவருக்குக் கல்லில் வெட்டிய பேர் நிச்சயம். பத்திரிகையில் படமும் வரும். ஏரம்பு பத்திரிகை வாசிக்கிறவர் என்பது இன்னும் விசேஷம்.

ஏரம்புவுக்கு ஒரு கால் இல்லை. தொண்ணூற்றாறில் மாடு தேடிப் போய் மிதிவெடியில் போன கால். ஆனால் சிவகுரு அவரை ஒருநாளும் மாற்றுத்திறனாளியாக நினைத்ததில்லை. எதிராளியின் கால்களை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்?

தமக்குப் பிறகு வளவு சங்கத்துக்கு என்று எழுதும் மரணசாதனத்தில் ஒரு நிபந்தனையையும் போடச் சொன்னார். பின் எல்லையூடாக எவருக்கும் எக்காலத்திலும் வழி விடலாகாது.

நொத்தாரிசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஐயா, உதுக்குச் சங்கம் சம்மதிக்குதோ எண்டு முதல்ல கேளுங்கோ."

சங்கத்திலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை நிலாந்தினி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஓட்டோச் சாரதி பின்னாலிருந்து சக்கர நாற்காலியை எடுத்து விரிக்க, தானே அதில் இறங்கி உட்கார்ந்துகொண்டார். சிவகுருவின் வீட்டு வாசலில் ஐந்து படி. தெருவால் போகிறவன் நிமிர்ந்து பார்க்கவேண்டும் என்று ஆசையாகக் கட்டிய படி. மாற்றுத்திறனாளிகளுக்கு எழுதிக் கொடுக்கிற வீட்டுக்குள் அவர்களால் ஏற முடியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கதிரைகளை முற்றத்து வேம்புக்குக் கீழே போடச் சொல்லிச் சமாளித்தார்.

அன்னபூரணம் தேத்தண்ணி கொண்டுவந்தார். சிவகுரு சாதனத்தை உரத்து வாசித்தார்.

"பெரிய மனசு ஐயா," என்றார் நிலாந்தினி. "ஆனா, கடைசியில ஒரு நிபந்தனை கிடக்கே, அது என்னத்துக்கு?"

"அது ஒண்டுமில்லைப் பிள்ளை. பின்னால ஒரு குழப்பக்காரன் இருக்கிறான்."

வேலிக்கு அங்கால் யாரோ இருமினார்கள். "ஆர் அது, நிலாந்தினிப் பிள்ளையே? குரல் போனில கேட்டமாதிரிக் கிடக்கு."

"ஏரம்பு ஐயாவோ!" நிலாந்தினி நாற்காலியைத் திருப்பினார். "நீங்கள் இஞ்சயே இருக்கிறியள்? ரெண்டு வருசமாக் கதைக்கிறம், ஒருநாளும் உங்களைக் காணேல்லை!"

பிறகு சிவகுருவிடம் சொன்னார். "எங்கட ஆள் ஐயா. இவருக்கு நாங்கள் சில்லுக் கதிரை கொண்டுவந்தனாங்கள். பின்பக்க ஒழுங்கை முழுக்கக் கடல்மணல், சில்லு புதையுது. நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்க் குடுத்தவை. அதுக்குப் பிறகு அவரால வெளியில வர ஏலாது, என்னால உள்ள போக ஏலாது."

"அவனுக்கென்னத்துக்குக் கதிரை? தடியூண்டி நடக்கிறவன்தானே?"

அன்னபூரணம்தான் வாயைத் திறந்தார். "மற்றக் காலையும் எடுத்திட்டினம். சலரோகம், சீனி வருத்தம். நீங்கள் கனடாவில நிண்ட நேரம்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"அந்தப் பேரை எடுக்கக்கூடாதெண்டு சொன்னது ஆர்?"

சிவகுரு வேலியைப் பார்த்தார். இரண்டு வருடமாக அந்த ஓலைக்கு அங்காலிருந்து வந்த குரலை, தடியூண்டி நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற ஓர் ஆளின் குரலாக நினைத்துத்தான் அவர் பதிலுக்குக் கத்தினார். அந்த ஆள் அங்கே நிற்கவேயில்லை. தமக்கு வந்தது வெட்கம் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"ஐயா," என்றார் நிலாந்தினி, "நிபந்தனையோட எங்களால வாங்க ஏலாது. வழி மறிக்கிற காணியை எங்கட சங்கம் வச்சிருந்தா ஊர் சிரிக்கும். சாதனத்தை நீங்கள் ஆறுதலா யோசிச்சு எழுதுங்கோ, நூறு வயசு இருங்கோ. இப்ப நான் கேக்கிறது இந்த வேலியில மூண்டடி. ஒரு கதிரை போற அகலம்."

பன்னிரண்டு பரப்பையும் வீட்டையும் கிணற்றையும் வாய் நிறையத் தருகிறேன் என்றவருக்கு இந்த மூன்றடி தொண்டையில் நின்றது. செத்த பிறகு கொடுப்பது எவ்வளவு சுகமாக இருந்தது! மகனுக்கு விட்டால் மகன் திறப்பான். சங்கத்துக்கு விட்டால் சங்கம் திறக்கும். ஊர் உலகம் எல்லாம் திறக்கக் காத்திருக்கிற பொட்டுக்கு அவர் ஒருவர்தான் காவல்.

மனைவியைத் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய்த் தாழ்ந்த குரலில் சொன்னார். "இப்ப திறந்தா அவன் வெண்டவனாப் போயிடுவானப்பா."

"அவர் என்னத்தை வெண்டவர்?" என்று கேட்டார் அன்னபூரணம்.

சிவகுரு கொடுவாக்கத்தியை எடுத்துவந்தார். பன்னிரண்டு வருடக் கிளுவை கைமொத்தத்துக்குப் பருத்திருந்தது. மூன்று கதியாலை வெட்டி ஓலையை இழுத்து எறிவதற்குள் வேர்த்துக் கொட்டியது. அங்கால் ஏரம்பு கதிரையில் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. இடுப்பில் கட்டிய சாரம் கதிரையின் விளிம்போடு முடிந்துவிட்டது. சிவகுரு அதைப் பார்க்காமல் முகத்தையே பார்த்தார்.

"வெட்டினது என்ர பக்கம் விழுந்திருக்கு அண்ணை," என்றார் ஏரம்பு. "விறகு எனக்கு."

"நட்டவன் நான்."

"மண் என்ர மண்."

"சரி, எடு!" என்றார் சிவகுரு. சொன்ன பிறகு, தாம்தான் சொன்னோமோ என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

ஏரம்பு சில்லை உருட்டிக்கொண்டு வந்தார். வெட்டிய அடிக்கட்டையில் சில்லு தடக்கி நின்றது. "பாத்துக்கொண்டு நிக்காமத் தள்ளுங்கோவன்!"

சிவகுரு பின்னால் போய்ப் பிடித்தார். கதிரையின் முதுகில் வெள்ளைப் பெயின்றால் எழுதியிருந்தது, பாதி அழிந்த நிலையில்.

அன்பளிப்பு: சிவகுரு குடும்பம், வேலணை.

சசிகரனின் வேலை. சங்கத்துக்குக் காசு அனுப்பிக் கதிரை வாங்கிக் கொடுத்திருக்கிறான். தாம் போனை வைத்த அன்றைக்கு அவன் என்ன சொல்ல வந்தான் என்பது சிவகுருவுக்கு இப்போது விளங்கியது. கல்லில் வெட்டுவார்கள் என்று நினைத்திருந்த பேரில் இரண்டு வருடமாக ஏரம்புவின் முதுகு சாய்ந்திருக்கிறது.

அவர் தள்ளாமல் நிற்பதை ஏரம்பு கவனித்தார்.

"கண்டிட்டீங்களே அண்ணை? உங்கட பேர் எண்டு போட்டு, கதிரையைத் திருப்பிக் கேட்டிடாதேங்கோ."

சிவகுரு குனிந்து, மூச்சைப் பிடித்துத் தள்ளினார்.